அமிலத்தில் குளிக்கும் போல்ட்டு

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் இரும்புச் சாமான் கடைகளைப் பார்ப்பீர்கள். அடுத்த முறை போகும்போது, அங்குள்ள திருகாணிப் பெட்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். சில திருகாணிகள் வெள்ளிபோல் மின்னும். அவை துத்தநாக முலாம் பூசியவை. பொய்க்கூரையில் ஜிப்சம் பலகைகளைப் பொருத்தும் திருகாணிகளோ பெரும்பாலும் மங்கிய கறுப்பாக இருக்கும். சிலவற்றைத் தொட்டால் விரலில் லேசாக எண்ணெய் ஒட்டும்.

அந்தக் கறுப்பு, சாயம் அன்று. இரும்பின் மேற்பரப்பிலேயே வளர்ந்த பாஸ்பேட் படிகங்கள். பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் தேடிப்போவதும் இதே பூச்சைத்தான்.

நூற்றுக்கணக்கான எதிரிகள்

சிங்கப்பூரில் பழைய கார்களைக் காண்பது அரிது. இங்கு வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பிக்கலாம் என்றாலும் பலர் காரை மாற்றிவிடுகிறார்கள். குறைந்தது 35 வயதான கார்களைத் தனித் திட்டத்தின்கீழ் பதிவுசெய்ய நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிக்கிறது. ஆனால் அவற்றை ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். மற்ற நாள்களில் அவை நின்றுகொண்டே இருக்கும். நிற்கும் காரையும் துரு விடுவதில்லை. நம் தீவின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். இரும்பு துருப்பிடிக்கத் தேவையான நீரும் ஆக்ஸிஜனும் இங்கே காற்றிலேயே தாராளமாக இருக்கின்றன.

காரின் வெளிப்புறத்துக்குச் சாயம் அடித்துவிடலாம். ஆனால் அதன் பாகங்களை இணைக்கும் நூற்றுக்கணக்கான போல்ட்டுகளை என்ன செய்வது? சாயம் அடித்தால் இறுக்கும்போதே உரிந்துவிடும். தடித்த முலாம் பூசினால் மரையில் நட்டு ஏறாது. அதனால்தான் கார் ஆலைகள் பல பாகங்களுக்கு மெல்லிய பாஸ்பேட் பூச்சைக் கொடுத்தன.

அமிலமே காவலன்

முதலில் போல்ட்டிலுள்ள துருவையும் எண்ணெயையும் முழுமையாக நீக்க வேண்டும். பிறகு அதைப் பாஸ்பாரிக் அமிலமும் துத்தநாக பாஸ்பேட் அல்லது மாங்கனீசு பாஸ்பேட்டும் கலந்த சூடான கரைசலில் முக்குவார்கள். மாங்கனீசுக் கரைசல் ஏறக்குறைய 95 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். முக்கியதும் போல்ட்டைச் சுற்றிக் குமிழிகள் பொங்கும். அமிலம் இரும்பைக் கரைப்பதால் வெளியேறும் ஹைட்ரஜன் வாயு அது.

அப்படியானால் போல்ட்டு கரைந்தே போய்விடாதா? சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இரும்பைக் கரைக்கும் வேலையில் அமிலம் செலவாகிறது. அதனால் போல்ட்டை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் மட்டும் அமிலத்தன்மை குறைகிறது. இந்தப் பாஸ்பேட்டுகள் அமிலம் மிகுந்த நீரில்தான் கரைந்திருக்கும். அமிலம் குறைந்த இடத்தில் கரைந்திருக்க முடியாமல், இரும்பின்மீதே படிகங்களாகப் படிந்துவிடுகின்றன.

படிகங்கள் மூட மூட, அமிலத்தால் இரும்பைத் தொட முடிவதில்லை. குமிழிகள் குறைகின்றன. வினை தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது! இப்படி உருவாகும் மாங்கனீசு பாஸ்பேட் படலத்தின் தடிமன் பொதுவாக 5 முதல் 20 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால், படிகங்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. ஆகவே இந்தப் படலத்தால் மட்டும் துருவை நெடுநாள் தடுக்க முடியாது. கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் அது எண்ணெயை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெயும் படிகமும் சேர்ந்தால்தான் காவல் உறுதியாகும்.

இங்கிலாந்தில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906ஆம் ஆண்டு இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அமெரிக்காவின் பார்க்கர் நிறுவனம் அதை மேம்படுத்தியதால் 'பார்க்கரைசிங்' என்ற பெயரும் வந்தது. இன்றைய புதிய கார்களிலும் சாயம் நன்றாகப் பிடித்துக்கொள்ள, அடியில் துத்தநாக பாஸ்பேட் பூசுவது வழக்கம்.

டெல்லித் தூணின் ரகசியம்

பாஸ்பேட் இரும்பைக் காக்கும் என்பதற்கு 1,600 ஆண்டுப் பழமையான சாட்சி ஒன்று இந்தியாவில் நிற்கிறது. அதுதான் டெல்லி இரும்புத் தூண். ஏறக்குறைய 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அந்தத் தூண், வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. கான்பூர் ஐஐடியின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் அதன் மேற்பரப்பை ஆராய்ந்து காரணத்தை விளக்கினார். அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். காலப்போக்கில் அது மேற்பரப்பில் ஒரு பாஸ்பேட் படலம் உருவாகத் துணைபுரிந்து தூணைக் காத்தது. போல்ட்டுக்கு நாம் சில நிமிடங்களில் செய்வதைத் தூண் தானாகவே, மெதுவாகச் செய்துகொண்டது.

அப்படியென்றால் எல்லா இரும்பிலும் பாஸ்பரஸைக் கலந்துவிடலாமே என்று கேட்பீர்கள். உள்ளே பாஸ்பரஸ் மிகுந்தால் எஃகு எளிதில் உடையும். அதனால்தான் இன்றைய ஆலைகள் அதை நீக்கிவிடுகின்றன. வெளியே இருந்தால் காவலன், உள்ளே நுழைந்தால் பகைவன்!

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

அமிலக் குளியலில் பொங்கிய ஹைட்ரஜனும் அப்படித்தான். அதில் ஒரு சிறு பகுதி குமிழியாகாமல், தனி அணுக்களாக எஃகுக்குள் புகுந்துவிடலாம். சாதாரண போல்ட்டுக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் தலையில் 12.9 என்று பொறித்த மிகக் கடினமான போல்ட்டுகளும் சுருள்வில்களும் அதனால் நொறுங்கும் தன்மை பெறக்கூடும். பார்வைக்குப் புதிதுபோல் அழகாக இருக்கும் போல்ட்டு, இறுக்கிய சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ திடீரென்று முறியலாம். அது சக்கரத்தருகே உள்ள போல்ட்டு என்றால்? ஒரு காரின் அழகைவிட ஓர் உயிர் பெரிது.

எனவே விவரம் தெரிந்தவர்கள் இத்தகைய பாகங்களின் துருவை அமிலத்தால் கரைக்காமல், மணல் போன்ற துகள்களைப் பாய்ச்சி நீக்குவார்கள். பூச்சுக்குப் பிறகு ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். சந்தேகம் இருந்தால் புதிய போல்ட்டையே வாங்கிப் பொருத்துவார்கள்.

அமிலக் குளியலை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அதற்குப் பதில் இதைச் செய்யலாம். கறுப்புத் திருகாணிகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து உலர்த்துங்கள். மற்றதில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். இரண்டையும் தனித்தனி ஈரத்தாளில் சுற்றி வைத்து, நாள்தோறும் பிரித்துப் பாருங்கள். எது முதலில் துருப்பிடிக்கிறது, எத்தனை நாளில் என்று குறித்து வையுங்கள். காரணத்தை உங்கள் நண்பருக்கு நீங்களே விளக்குங்கள்.