குறட்டைக் கோடு காட்டுவது எதை?

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை குறுகும்போது, அதன் வழியே விரையும் காற்றால் மென் அண்ணமும் உள்நாக்கும் அதிர்வதே குறட்டை. அப்பாதை அடைபட்டு மூச்சோட்டம் 10 நொடியோ அதற்கு மேலோ நின்றுபோனால் அது ‘ஆப்னியா’, அதாவது மூச்சுத்தடை எனப்படும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட ‘சிபாப்’ சிகிச்சை, முகமூடி வழியே இடைவிடாது காற்றழுத்தம் செலுத்தி அப்பாதையைத் திறந்து வைக்கிறது. இன்று வீடுகளில் பயன்படும் சிபாப் கருவிகள் பல, மூச்சோட்டம், அழுத்தம், காற்றுக்கசிவு ஆகியவற்றுடன் குறட்டையையும் வரைகோடாகப் பதிவு செய்கின்றன.

இக்கருவிகள் பொதுவாகக் குறட்டையைக் காதால் கேட்பதுபோல் ஒலியாகப் பதிவதில்லை. தொண்டையின் அதிர்வு குழாய்க் காற்றில் எழுப்பும் நுண்ணிய அழுத்த அலைகளையே உள்ளிருக்கும் அழுத்த உணரி அளக்கிறது என்பதால், பதிவில் காணப்படும் எண் டெசிபல் அன்று. நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கிடும் முறையும் வேறுபடுவதால், ஒரு கருவியின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

குறட்டைக் கோட்டைத் தனித்துப் படிப்பதைவிட, அதே நேரத்துக்குரிய மற்றக் கோடுகளோடு சேர்த்துப் படிப்பதே முறையாகும். அதிகாலை 3 மணிக்குக் குறட்டைக் கோடு உயரும்போது, உள்மூச்சு அலையின் வளைந்த உச்சியும் தட்டையாகியிருந்தால் பாதை குறுகியிருக்கிறது என்று கருதலாம்; தானியங்கிக் கருவியாயின் அழுத்தத்தைக் கூட்டி அதற்கு ஈடுகொடுக்க முயலும். அழுத்தம் மருத்துவர் வரையறுத்த உச்சவரம்பைத் தொட்ட பின்னும் குறட்டை தொடருமானால், அந்த வரம்பு மறுஆய்வுக்கு உரியது. மாறாக, அந்நேரத்தில் கசிவுக் கோடும் உயர்ந்திருந்தால், விளிம்பு விலகிய முகமூடியின் படபடப்பே குறட்டையாகப் பதிவாகியிருக்கக்கூடும். ஈரப்பதமூட்டியின் நீராவி குளிர்ந்து குழாயில் தேங்கிய நீரும் அவ்வாறே கருவியை ஏமாற்றும்.

குறட்டை பதிவாகாமை மட்டுமே நலத்துக்குச் சான்றாகாது. பாதை முழுவதும் அடைபட்டாலும், மூச்சுவிடும் ஆணை மூளையிலிருந்து வராமற்போனாலும், காற்றோட்டமின்மையால் அதிர்வு எழுவதில்லை. ஆகவே மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதைக் காட்டும் ‘ஏஎச்ஐ’ எண்ணையும் உடன் நோக்க வேண்டும். அது 5க்குக் கீழிருப்பது பொதுவாக நிறைவான கட்டுப்பாடாகக் கொள்ளப்படுகிறது.

ஓரிரவுப் பதிவைக் கண்டு அழுத்தத்தைத் தாமாக மாற்றாமல், முகமூடியையும் குழாயையும் முதலில் சரிபார்த்து, சில வாரப் பதிவுகளுடன் மருத்துவரை அணுகுவதே நோயாளிகள் செய்யத்தக்கது.