வலிக்காத கிருமி கருக்குழாயை அடைப்பது எப்படி?

உடலுறவு வழியே பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியா, பெரும்பாலான பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. பிறகு எப்படி அது பிள்ளைப்பேற்றையே தடுக்கிறது?

முதலில் கருப்பை வாயின் செல்களுக்குள் புகுந்து பெருகும். சிகிச்சை இல்லாவிட்டால் சிலருக்குக் கருப்பையைக் கடந்து கருக்குழாய்வரை ஏறிவிடும். இதுதான் இடுப்பறை அழற்சி.

கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கருக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகளும் அப்படித்தான் கருமுட்டையைக் கருப்பைப் பக்கம் நகர்த்துகின்றன. கிருமியை உடல் எதிர்க்கும்போது உண்டாகும் அழற்சியில் இந்த இழைகள் சிதைகின்றன. புண் ஆறிய இடம் தழும்பாகிறது, சில சமயம் குழாயே அடைபடுகிறது. வரிசையில் நாலு பேர் இல்லையென்றால் சட்டி என்னாகும்? கருவுற்ற முட்டை பாதி வழியில் நின்று, குழாயிலேயே வளரத் தொடங்கலாம். குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை கிருமியைக் கொல்லும், தழும்பை அழிக்காது. சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதனால்தான். அடிவயிற்று வலி, வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் ரத்தக்கசிவு என எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. கணவரும் கூடவே மருந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அதே கிருமி மறுபடி தொற்றும்.