மஞ்சள் ரோசா: பொறாமையிலிருந்து சமாதானத்துக்கு

ரோசா என்றதும் சிவப்பு நிறமே எமது நினைவுக்கு வருகிறது. மஞ்சள் ரோசாவின் கதையோ இரண்டு உலகப் போர்களுக்கூடாக வந்த கதை. நிலத்தைப் பிரிந்திருக்கும் கமக்காரர் அதில் அறிந்துகொள்ளவேண்டியது ஒன்று உண்டு.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் அடிக்கடி பூக்கும் ரோசாக்கள் இருந்தன. ஆனால் அவற்றுள் கடும் மஞ்சள் நிறம் இருக்கவில்லை. அந்நிறம் மேற்கு ஆசியாவின் காட்டு ரோசாவுக்கே உரியது. அதன் அடுக்கிதழ் வகையான 'பாரசீக மஞ்சள்' 1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்தை அடைந்தது. அது வருடத்தில் ஒருமுறையே பூக்கும், மணமும் நன்றல்ல. அக்காலத்தில் பூக்களுக்குப் பொருள் சொன்ன நூல்களும் மஞ்சள் ரோசாவைப் பொறாமை, குறைந்துபோகும் அன்பு என்றே குறித்தன.

பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த யோசேப் பெர்னே-டுஷே மனந்தளரவில்லை. சிவப்பு ரோசாவைப் பாரசீக மஞ்சளின் மகரந்தத்துடன் கலந்து, பல வருட முயற்சியின் பின் 1900இல் 'பொற்சூரியன்' என்னும் பொருள்படும் புதிய இனத்தை வெளியிட்டார். மஞ்சள் நிறத்துடன் இலைக் கரும்புள்ளி நோய்க்கு இலகுவில் ஆளாகும் தன்மையும் அதன் வழித்தோன்றல்களுக்கு வந்து சேர்ந்தது.

முதலாம் உலகப் போரில் (1914–1918) அவருடைய இரு புதல்வர்களும் மாண்டனர். தந்தை அவர்களின் பெயரைத் தம் ரோசாக்களுக்கு இட்டார். 1920இல் வெளிவந்த மஞ்சள் ரோசா, மகன் குளோடியஸின் நினைவைத் தாங்கியது.

அதே லியோன் பகுதியில் பிரான்சிஸ் மெய்யோன் என்னும் இளைஞர், ஓரங்களில் இளஞ்சிவப்புப் படர்ந்த ஒரு மஞ்சள் ரோசாவை 1930களில் உருவாக்கினார். அதன் வமிசப் பதிவில் குளோடியஸின் ரோசாவும் மூதாதையாக இடம்பெறுகிறது. ரோசா விதை தாய்ச்செடியை அப்படியே தராது. தோடையில் நாம் செய்வதுபோல அரும்பொட்டு மூலம் இனத்தைக் காக்கலாம். தோட்டம் அழிந்தால் இனமும் அழியும். மெய்யோன் ஒட்டுத்தடிகளை ஜேர்மனி, இத்தாலி, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கு அனுப்பிவைத்தார். போர் நாடுகளைப் பிரித்தது. ஆனால் தடிகள் சென்ற இடங்களில் வேர்கொண்ட செடிகளில் அரும்பொட்டாகி வளர்ந்தன.

மெய்யோன் தம் ரோசாவுக்கு மறைந்த தாயாரின் பெயரை வைத்தார். ஜேர்மனியில் அது 'இறைவனின் மகிமை' எனவும், இத்தாலியில் 'மகிழ்ச்சி' எனவும் அழைக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 29இல் அமெரிக்காவில் 'சமாதானம்' என்ற பெயர் சூட்டப்பட்டது. அவ்வருடம் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கச் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பிரதிநிதிகளுக்கு அந்தப் பூ வழங்கப்பட்டது. இன்று மஞ்சள் ரோசா நட்பின் அடையாளம்.

அந்த இனத்தைக் காத்தது மதிலோ வேலியோ அல்ல, பகிர்ந்துகொண்டமையே. உங்கள் வளவிலிருந்து கொண்டுவந்த மாவோ, தோடையோ, நெல்விதையோ கையில் எஞ்சியிருந்தால், அதை ஒரு வீட்டில் மட்டும் வைத்திருக்கவேண்டாம். மூன்று குடும்பங்களிடமாவது கொடுத்துவையுங்கள். ஓரிடத்தில் அது பட்டுப்போனாலும், இன்னோரிடத்திலிருந்து திரும்பப் பெறலாம்.