டெஸ்க்டாப் பிராசஸரை இனியும் கழற்றி மாற்ற முடியுமா?

உங்கள் வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். விசிறிக்கு அடியில், மதர்போர்டின் சாக்கெட்டில் பிராசஸர் உட்கார்ந்திருக்கும்.

ஹோல்டரில் பல்பு மாட்டுவதுபோலத்தான் இது. பல்பு போனால் அதை மட்டும் மாற்றுவோம். சில எல்இடி விளக்குகளில் பல்பும் சட்டமும் ஒன்றே. போனால் முழுசும் போச்சு. லேப்டாப் பிராசஸர்கள் எப்போதோ அப்படி மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டுவிட்டன, இடம் மிச்சமாகும் என்பதால்.

டெஸ்க்டாப்பில்தான் இடம் இருக்கிறதே, பிறகு சிலவற்றில் அங்கேயும் ஏன் பற்றவைக்கிறார்கள்? வேகம்! பிராசஸருக்கும் மெமரிக்கும் இடையே ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்குப் பல நூறு கோடி சிக்னல்கள் ஓடுகின்றன. நீளும் ஒவ்வொரு அங்குலமும், குறுக்கே வரும் ஒவ்வொரு தொடுமுனையும் அவற்றைக் கொஞ்சம் கலங்கடிக்கும். பக்கத்திலேயே வைத்துப் பற்றவைத்தால் கலக்கம் குறையும், மின்சாரமும் மிச்சம்.

ஆப்பிள் 2020-இல் எம்1 சிப்போடு மெமரியையும் ஒரே பொதியில் வைத்தது. பழுதுபார்க்க எளிய கணினிகளுக்குப் பெயர்பெற்ற ஃப்ரேம்வொர்க்கே 2025-இல் தன் டெஸ்க்டாப்பில் பிராசஸர், மெமரி இரண்டையும் பற்றவைத்தது. எனக்கு அது வருத்தம்தான்.

ஆனால் சாக்கெட் இன்னும் சாகவில்லை. 2016-இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் பல தலைமுறை பிராசஸர்களை ஏற்றது. அடுத்து வந்த ஏஎம்5-க்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்கிறது நிறுவனம். புதிதாக வாங்கும்போது சாக்கெட் எது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.