354 கி.மீ. பயணத்துக்கு 1,000 கி.மீ. சுற்றிய கதை! - மரக்காணம் கடலோரம் ஒரு வான்வழிக் கணக்கு

மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்று கிழக்கே பார்த்தால் வெறும் கடல்தான். சென்னை விமான நிலையத்தையும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு இந்தக் கரையிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்கி, கடல்மேல் போகிறது. அப்படியே தெற்கே இறங்கினால் இன்னொரு உப்பு ஊரான வேதாரண்யத்தையும் ஒட்டியே கடக்கிறது.

இந்த இரண்டு விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், தூரத்தைக் கண்டுபிடிக்க செயலிகூட வேண்டாம். பேப்பரும் பேனாவும் போதும்.

சென்னை விமான நிலையத்தின் அட்சரேகை 12 டிகிரி 59 கலை. பலாலி 9 டிகிரி 48 கலை. ஒரு டிகிரிக்கு 60 கலை என்பதால் வித்தியாசம் 3 டிகிரி 11 கலை, அதாவது 191 கலை. வடக்கு-தெற்காக ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. பெருக்கினால் சுமார் 354 கி.மீ. அவ்வளவுதான்! கிழக்கு-மேற்காகப் போகும் தடங்களுக்கு இந்தக் குறுக்குவழி சரிவராது. பூமியின் வளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தூரம் கிடைத்துவிட்டது. நேரம்?

இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் ரக சிறிய விமானம். உயரத்துக்குப் போனபின் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம். அந்தக் கணக்கில் 43 நிமிடங்களில் போய்விட வேண்டும். எதிர்க்காற்று மணிக்கு 50 கி.மீ. அடித்தாலும் 47 நிமிடங்கள்தான். ஆனால், அட்டவணையில் இருப்பதோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்! ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மெதுவாக மேலே ஏறுவது, திசை திரும்புவது, இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் அந்த அரை மணி நேரத்துக்குள் வருகிறது. குறுகிய தடங்களில் தூரத்தைவிட இந்தச் சில்லறைச் செலவுதான் நேரத்தைத் தின்கிறது.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருந்தது. 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. உள்நாட்டுப் போரில் அந்த வழி அடைபட்டது. அதன்பின், சென்னையில் சிகிச்சைக்கோ உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கோ வர வேண்டிய யாழ்ப்பாணத்துக்காரர் முதலில் எதிர்த்திசையில் தெற்கே போக வேண்டியிருந்தது. கொழும்பு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையம் வரை தரைவழியே 350 கி.மீ.க்கு மேல், அங்கிருந்து வான்வழியே சுமார் 645 கி.மீ. ஆக, 354 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு ஏறத்தாழ 1,000 கி.மீ. பயணம்!

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் 11-ல் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியது. சில மாதங்களிலேயே கொரோனா வந்து நிறுத்தியது. மீண்டும் பறக்க 2022 டிசம்பர் ஆனது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இந்தத் தடத்துக்கு வந்தது.

மரக்காணத்துக்காரர் ஒருவர் யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 110 கி.மீ. வடக்கே சென்னைக்குப் போய், மூன்று மணி நேரம் முன்னதாக வரிசையில் நின்று, விமானம் ஏறி, பத்துப் பதினைந்து நிமிடங்களில் தன் ஊர் உப்பளத்தின் நேர் கிழக்கே திரும்பி வந்திருப்பார்!