சரக்கு எங்கே தேங்குகிறது?

ஆந்த்ரேயாஸ் எஷ்பாக் என்ற ஜெர்மன் எழுத்தாளரின் ‘தி கார்ப்பெட் மேக்கர்ஸ்’ 1995-இல் வெளிவந்து, 2005-இல் ஆங்கிலத்துக்குப் போன அறிவியல் புனைகதை. எங்கோ ஒரு கிரகம். அங்கே ஒருவன் ஆயுசு முழுக்க ஒரே ஒரு கம்பளத்தைத்தான் முடிகிறான். அதற்கு நூல் கிடையாது, மனைவியர், மகள்களின் தலைமுடிதான். முடியின் நிறம் பார்த்தே பெண் எடுக்கிறார்கள். கம்பளம் பேரரசரின் அரண்மனைக்குப் போகிறதாம். விற்ற பணம் மகனுக்கு. அதை வைத்துச் சாப்பிட்டு அவன் அடுத்த கம்பளத்தை முடிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு மகன்தான். இன்னொரு ஆண் குழந்தை பிறந்தால் என்ன ஆகும் என்பதை முதல் அத்தியாயமே சொல்லிவிடுகிறது. அன்றைக்கு அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

நெசவு ஊரான எங்கள் சேவூரில் இதைப் படிப்பது வேறு மாதிரி. ஆரணிப் பட்டு என்று கடைகளில் விரிக்கப்படும் சேலைகளில் எங்கள் தெருத் தறிகளில் நெய்தவையும் உண்டு. பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். சேலையை அறுத்துக் கொடுத்தால் கூலி. முன்பணம் வாங்கியிருந்தால் அதில் பிடித்தம். அதனால் எஷ்பாக்கின் கிரகம் எனக்குக் கற்பனையாகவே படவில்லை. டிராகனும் மந்திரவாளும் வரும் கதைகளில் ராஜாவின் அங்கியை நெய்தவனுக்கு என்ன கூலி என்று எவரும் சொல்வதில்லை. எஷ்பாக் சொல்கிறார்.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் கதையைச் சொன்னேன். தறிக்குத் தார் சுற்றிக்கொண்டே கேட்டவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இம்மாம் பேரு நெய்யறான்னா, சரக்கு எங்கப்பா போய்த் தேங்குது?” நாவலின் மர்மமே அதுதான்! அரண்மனையில் ஒரு கம்பளம்கூட இல்லை. எங்கே போயின என்பதை நான் இங்கே உடைக்கப் போவதில்லை. பின்பாதியில் விண்கலங்களும் கிளர்ச்சிக்காரர்களும் வந்து கொஞ்சம் அதிகமாகவே விளக்குகிறார்கள் என்பது மட்டும் என் குறை.

அந்தச் சூட்டிலேயே சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை மறுபடி எடுத்தேன். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. இரண்டெழுத்துப் பெயர்கள், பிள்ளை பெற அரசாங்க அனுமதி. கதை நடக்கும் ஆண்டுகளை நாம் கடந்தே வந்துவிட்டோம். கதையில் ஜீவா என்பவர் ஆளும் தேசத்தில் யார் நெய்கிறார்கள், யார் உழுகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஜீனோ என்ற அந்த இயந்திர நாய் வாயைத் திறந்தால் போதும், இந்தக் கேள்வியெல்லாம் மறந்துவிடுகிறது. சுஜாதாவிடம் வழக்காடி ஜெயிக்க முடியாது.

சுதாகர் கஸ்தூரியின் ‘6174’ எங்கள் மாவட்டத்துப் புத்தகம் என்றே சொல்லலாம், வெளியிட்டது திருவண்ணாமலை வம்சி. தலைப்பு, தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்த எண். 3524-ஐ எடுங்கள். இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்தால் 5432 - 2345 = 3087. மறுபடி 8730 - 0378 = 8352. மறுபடி 8532 - 2358 = 6174. நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்து நின்றுவிடும். கதை ஓட்டத்தைவிட இந்தக் கணக்கில்தான் நான் அதிக நேரம் கிடந்தேன்.

இப்போது கையில் இருப்பது வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து 1990-இல் எழுதிய ‘தி டிஃபரன்ஸ் என்ஜின்’. சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெற்றி பெற்றிருந்தால் இங்கிலாந்து எப்படி இருந்திருக்கும் என்பதுதான் கதை. பின்னர் திட்டமிட்ட அனலிட்டிகல் என்ஜினுக்குத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தும் யோசனையை பாபேஜ் எடுத்தது ஜக்கார்டு தறியிலிருந்து. பார்டரில் மயிலும் யாளியும் எழும்ப எங்கள் தறிகளுக்கு மேலே தொங்குகிறதே, அதே அட்டைதான். நீராவியில் ஓடும் கணினிகளை வாசகர்கள் வியக்கிறார்கள். எனக்கோ, அந்த அட்டைகளைக் குத்திக் கொடுத்த ஆளுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்குமா என்றுதான் இருக்கிறது. பாதிப் புத்தகம் வரை கிடைக்கவில்லை.