உள்ளூர்த் தேடல் உகப்பாக்கம்

உள்ளூர்த் தேடல் உகப்பாக்கம் என்பது, ஓர் ஊரில் அல்லது அதன் சுற்றுப்பகுதியில் இயங்கும் தொழிலை, அங்கிருந்து இணையத்தில் தேடுபவர்களுக்கு எளிதில் தென்படச் செய்யும் பணியாகும். பிளம்பர், எலக்ட்ரீசியன், ஏசி மெக்கானிக், கிரைண்டர், மிக்சி பழுதுபார்ப்பவர் போன்றோரின் சிறு சேவைத் தொழில்களுக்கு இது மிகவும் பயன்படுகிறது. இத்தகைய தொழில் நாடு முழுவதும் அறியப்பட வேண்டியதில்லை. சில கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஒருவருக்குத் தேவை ஏற்படும் நேரத்தில் அதன் பெயரும் தொலைபேசி எண்ணும் கிடைத்தால் போதும்.

பின்னணி

முன்பு வாய்மொழிப் பரிந்துரை, சுவர் விளம்பரம், அச்சிட்ட மஞ்சள் பக்கங்கள் ஆகியவை மூலமே வாடிக்கையாளர்கள் கிடைத்தனர். இந்தியாவில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய ஜஸ்ட் டயல், தொலைபேசி வழியே இத்தகவலைத் தரத் தொடங்கியது. 2005இல் கூகுள் மேப்ஸ் வெளியான பின்னர், தேடலும் வரைபடமும் ஒன்றிணைந்தன. தொழில் உரிமையாளர்கள் தங்கள் விவரங்களைத் தாங்களே பதிவு செய்வதற்கான கூகுள் மை பிசினஸ் 2014இல் அறிமுகமானது. 2021இல் இதன் பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என மாற்றப்பட்டது. இதில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை.

உள்ளூர் சேவை ஒன்றைத் தேடும்போது, வரைபடத்துடன் சேர்த்து ஒரு சில தொழில்களின் பட்டியல் மேலே காட்டப்படுகிறது. 2015க்கு முன் ஏழாக இருந்த இந்த எண்ணிக்கை, அவ்வாண்டில் மூன்றாகக் குறைக்கப்பட்டது. போட்டி கடுமையானதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரிசைப்படுத்தும் முறை

உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்த மூன்று காரணிகளை முதன்மையாகக் கருதுவதாகக் கூகுள் கூறுகிறது.

1. பொருத்தம்: தேடப்படும் சேவையும் தொழிலின் விவரங்களும் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்பது.
2. தொலைவு: தேடுபவர் இருக்கும் இடத்திற்கோ அவர் குறிப்பிடும் இடத்திற்கோ தொழில் எவ்வளவு அருகில் உள்ளது என்பது.
3. பிரபலம்: அத்தொழில் எவ்வளவு அறியப்பட்டது என்பது. மதிப்புரைகளின் எண்ணிக்கை, நட்சத்திர மதிப்பீடு, பிற இணையதளங்களில் உள்ள குறிப்புகள் ஆகியவை இதில் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூரின் பீளமேட்டில் வெட் கிரைண்டர் பழுதுபார்க்கும் ஒருவரைக் கருதலாம். பீளமேட்டில் இருந்து தேடுபவருக்கு அவர் பெயர் முதலில் வரலாம். வடவள்ளியில் இருந்து அதே சொல்லைத் தேடுபவருக்கு அது வராமலே போகலாம். இதில் அவருடைய தவறு எதுவும் இல்லை. தொலைவை அவரால் மாற்ற இயலாது. பொருத்தமும் பிரபலமும் மட்டுமே அவருடைய முயற்சிக்கு உட்பட்டவை.

தொழில் விவரங்கள்

விவரப் பக்கத்தில் முதன்மைத் தொழில் வகையைத் தேர்ந்தெடுப்பது முக்கியமானது. பொதுவான வகையை விட, செய்யும் வேலையைத் துல்லியமாகக் குறிக்கும் வகையே பொருத்தத்தைக் கூட்டும். வேலை நேரம், விடுமுறை நாட்கள், அளிக்கும் சேவைகள், உண்மையான படங்கள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். திறந்திருப்பதாகக் காட்டும் நேரத்தில் கடை பூட்டியிருந்தால், வீண் அலைச்சலுக்கு உள்ளான வாடிக்கையாளர் மீண்டும் வருவது அரிது.

பெயர்ப்பலகையில் உள்ள பெயரையே பதிவிலும் தர வேண்டும். பெயருடன் "கோவையின் சிறந்த கிரைண்டர் சர்வீஸ்" போன்ற சொற்களைச் சேர்ப்பது விதிமீறலாகும். இதனால் பதிவு முடக்கப்படலாம்.

கடை இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டிற்கே சென்று பணி செய்பவர்கள், வீட்டு முகவரியை மறைத்துவிட்டுச் சேவைப் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். இவ்வாறு 20 பகுதிகள் வரை சேர்க்க முடியும். எனினும், இது வாடிக்கையாளருக்கான தகவலே; தொலைதூர ஊர்களைச் சேர்ப்பதால் மட்டும் அங்கு முதலிடம் கிடைத்துவிடாது.

முகவரி ஒருமைப்பாடு

பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை எல்லா இடங்களிலும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது எளிதன்று. சென்னையில் பல கட்டடங்களுக்குப் பழைய எண், புதிய எண் என இரு கதவு எண்கள் உள்ளன. திருச்சி, திருச்சிராப்பள்ளி என ஓர் ஊருக்கே இரு வடிவங்கள் வழங்குகின்றன. ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எங்கும் அதையே பயன்படுத்துவது நல்லது. பழைய எண்ணுடன் விடுபட்ட பதிவு ஒன்று எங்காவது இருந்தால், வாடிக்கையாளரின் அழைப்பு யாரும் எடுக்காத தொலைபேசிக்குப் போய்ச் சேரும்.

மொழியும் தேடுசொற்களும்

வாடிக்கையாளர்கள் பேச்சு வழக்கிலேயே தேடுகின்றனர். "குளிர்சாதனப் பெட்டி பழுதுநீக்கம்" என்பதை விட "ஃபிரிட்ஜ் ரிப்பேர்" என்றே பலர் தேடுவர். எனவே சேவை விவரத்தையும், சொந்த இணையதளம் இருந்தால் அதையும், தமிழிலும் ஆங்கிலத்திலும் வழக்கில் உள்ள சொற்களைக் கொண்டு எழுதலாம். ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றி ஒரே பத்தியைப் பல பக்கங்களில் இடுவது பயன் தராது. எந்த வகை பழுது, தோராயமான கட்டணம், வேலைக்கு ஆகும் நேரம் ஆகியவற்றை விளக்கும் ஒரு பக்கமே மேலானது.

மதிப்புரைகள்

பணி முடிந்தவுடன் மதிப்புரை எழுதுமாறு வாடிக்கையாளரைக் கேட்கலாம்; அதற்கான இணைப்பையும் அனுப்பலாம். ஆனால் பணமோ தள்ளுபடியோ தந்து மதிப்புரை பெறுவதைக் கூகுள் தடை செய்துள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டுள்ளது.

குறைகூறும் மதிப்புரைக்குப் பதில் எழுதும்போது வாக்குவாதம் கூடாது. நடந்ததை ஒப்புக்கொண்டு, தீர்வைச் சுருக்கமாகக் கூறுவதே சிறந்தது. அப்பதிலை குறை சொன்னவரை விட, அடுத்து அழைக்கலாமா என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களே அதிகம் படிக்கின்றனர்.

ஏமாற்று வேலைகள்

"கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம்" எனத் தொலைபேசியில் கட்டணம் கேட்பவர்கள் உள்ளனர். விளம்பரம் அல்லாத உள்ளூர் முடிவுகளில் பணம் கட்டி இடம் பெற வழியில்லை. விளம்பரங்கள், விளம்பரம் என்ற குறிப்புடனேயே காட்டப்படுகின்றன. பதிவைப் பிறர் மூலம் உருவாக்கினாலும், முதன்மை உரிமை தொழில் நடத்துபவரின் மின்னஞ்சல் கணக்கிலேயே இருக்க வேண்டும். இல்லையெனில், இடைத்தரகருடன் பிணக்கு ஏற்படும்போது பல ஆண்டுகளில் சேர்ந்த மதிப்புரைகளின் கட்டுப்பாடு கைவிட்டுப் போகக்கூடும்.

பயனை அறிதல்

பதிவைப் பார்த்து வந்த அழைப்புகள், வழி கேட்டவர்கள், பயன்படுத்திய தேடுசொற்கள் ஆகியவற்றை உரிமையாளர் தம் விவரப் பக்கத்திலேயே காணலாம். தம் கைபேசியில் தாமே தேடிப் பார்ப்பது சரியான அளவீடு ஆகாது. தொழில் நடக்கும் இடத்திலிருந்தே தேடினால் தொலைவு ஏறத்தாழ இல்லை என்பதால் பெயர் மேலே வரக்கூடும். "எங்களை எப்படி அறிந்தீர்கள்?" என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்டுக் குறித்து வைப்பது, செலவில்லாத, நம்பத்தக்க முறையாகும்.